புது மோட்டார் வண்டியும் அதன் சொந்தக்காரரும்

மோட்டார் வண்டி ஒன்று வீட்டிலிருந்து புறப்படப் போகிறது என்பதை அயல்வீட்டார் எல்லாரும் அறிந்திருந்த காலம் ஒன்று உண்டு. ஒஸ்ரின் ஏ-40 வண்டி வைத்திருந்தவர் காலையில் முதல் வேலையாகச் ‘சோக்’கை இழுத்து விடுவார். பின்னர் ஸ்ராட்டரை இயக்குவார். இயந்திரம் இருமும், பெருமூச்சு விடும், மீண்டும் அடங்கிவிடும். இரண்டு மூன்று முறை இப்படியானபின் அவர் இறங்கி வந்து, வண்டியின் முகப்பிலுள்ள துவாரத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றுவார். அந்தக் கைபிடி சில வேளைகளில் திருப்பியடிக்கும், பெருவிரல் முறியும். ஆகையால் பெருவிரலைக் கைபிடியின் மறுபுறம் கொடாமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கவேண்டும் என்பது தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களுள் ஒன்றாக இருந்தது. ஈற்றில் வண்டி உயிர்பெற்று முழங்கும்போது, அடுத்த வளவில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பவர், இன்று ‘சோக்’கைச் சற்று அதிகமாக இழுத்துவிட்டார் என்று கூடத் தீர்ப்புக் கூறுவார்.

இன்று அதே வளவில் நிற்பது வேறொரு வண்டி. சொந்தக்காரர் அதனுள் அமர்ந்து பிறேக்கில் காலை வைத்து ஒரு பித்தானை அழுத்துகிறார். இயந்திர ஓசை எதுவும் எழுவதில்லை. முன்தட்டில் ‘ரெடி’ என்று ஒரு பச்சை விளக்கு எரிகிறது. எங்கிருந்தோ ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு ஜப்பானிய மொழியில் ஏதோ அறிவிக்கிறது. ஜப்பானிய அதிவேகப் பாதைகளிற் சுங்கம் செலுத்துவதற்கான அட்டை செருகப்படவில்லை என்பதே அந்த அறிவிப்பு. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் அத்தகைய அட்டைக்கு வேலை இல்லை. ஆயினும் அந்த அம்மையார் நாள்தோறும், ஆண்டுதோறும், சலிப்பின்றி அதனை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்.

இலங்கையில் ‘புதிய கார்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. பெற்றோல் இயந்திரத்தையும் மின் இயந்திரத்தையும் ஒருங்கே கொண்ட ஹைபிரிட் வண்டிகளுள், பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதலாவது வண்டியாகிய டொயோட்டா பிரியஸ் 1997 டிசெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதனிற் சிறியதான அக்குவா 2011ஆம் ஆண்டின் முடிவில் வந்தது. அங்கே சில காலம் ஓடிய இத்தகைய வண்டிகள் கப்பலேறி இங்கு வந்து, ஆசிரியர், வைத்தியர், வங்கி உத்தியோகத்தர் முதலியோரின் வீடுகளிற் குடிபுகுந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வாயில் மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிற் புதிய வண்டி எதுவும் வாராமையால், பழையதாக ஆக விலை குறைய வேண்டிய பொருள் இங்கே பழையதாக ஆக விலை ஏறியது. பத்து வயதைத் தாண்டிய அக்குவாவையும் ‘புதுக்கார்’ என்றே வீட்டார் சொல்லி வந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வாறு பழைய வண்டியிலிருந்து புதிய வண்டிக்கு மாறியோர் பலருடைய அநுபவங்களை ஒன்றுசேர்த்து ஒரே மனிதராக உருவகித்துக்கொண்டால், சொல்வது இலகுவாகும். அவரை யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராக வைத்துக்கொண்டு, வாத்தியார் என்றே அழைக்கலாம்.

வாத்தியாரிடம் முன்னர் இருந்தது ஒஸ்ரின். 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் அந்த வண்டி மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகையாற் பொறி பட்டாலும் பற்றாது. இதற்குக் கண்டுபிடித்த வழியை நேயர்களுட் பலர் கண்ணாற் கண்டிருப்பார்கள். சின்னஞ்சிறு போத்தலிற் பேணிக் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரினுட் செலுத்தி இயந்திரத்தை முதலில் உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை கிளம்பும், கண் எரியும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழே வடிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆதலால் அந்த எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும். தீப்பொறிக் குமிழைக் கழற்றிக் கரி சுரண்டுவது வாராந்த வேலையாகும். ஆயினும் வண்டி ஓடியது. பிள்ளைப்பேற்றுக்குப் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றது. இடம்பெயர்ந்தோரின் பாத்திரபண்டங்களைச் சுமந்தது. அந்த வண்டியை மறுபடி மறுபடி பிரித்துப் பூட்டியதால், அதன் உள்ளுறுப்பு ஒவ்வொன்றையும் வாத்தியார் தம் கையின் ரேகை போல அறிந்திருந்தார்.

அக்குவா வந்து சேர்ந்த முதல் வாரத்தில் அவருடைய இடது கால்தான் மிகுந்த குழப்பத்துக்கு உள்ளாயிற்று. நாற்பது ஆண்டுகளாகக் கிளச்சை மிதித்துப் பழகிய கால், இல்லாத கிளச்சைத் தேடிச் சென்று அகன்ற பிறேக்கை ஓங்கி மிதித்தது. பின்னால் இருந்த மனைவியார் முன்னிருக்கையில் முட்டிக்கொண்டார். பழைய சாரதிகள் பலருக்கு இவ்வநுபவம் பொது. சில நாட்கள் இடது காலை இருக்கையின் கீழ் மடித்து வைத்திருந்து பழகுவதே இதற்கு மருந்து என்று அவர்கள் சொல்வார்கள்.

அடுத்தது வண்டி புறப்படும் விதம். நின்ற நிலையிலிருந்து அசையும்போது அது பெரும்பாலும் மின்னினாலேயே அசைகிறது. பழைய வண்டியில் முதற் கியரிற் போட்டுக் கிளச்சை மெல்ல விடும்போது ஒரு குலுக்கம் உண்டு. சாரதியின் திறமை அந்தக் குலுக்கத்தைக் குறைப்பதிலே இருந்தது. இங்கே குறைப்பதற்குக் குலுக்கமே இல்லை. வண்டி நீரில் தோணி நகர்வது போல நகர்கிறது. வேகம் கூடியதும் பெற்றோல் இயந்திரம் வந்து சேர்ந்துகொள்கிறது. அது எப்போது வந்தது, எப்போது போனது என்பதைச் சாரதி அறிவது முன்தட்டிலுள்ள படத்தைப் பார்த்துத்தான். சிலர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு பாதையைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

பிறேக்கை மிதிக்கும்போது நிகழ்வதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தாருக்கு ஓர் இலகுவான வழி உண்டு. மின்சாரம் இல்லாதிருந்த அந்தக் காலத்திற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்னைக் கொண்டு வானொலி கேட்டவர்கள் அவர்கள். டைனமோவைச் சில்லில் அணைத்தவுடன் பெடல் கனக்கும். ஓடும் சைக்கிளாயின் வேகம் தளரும். சில்லின் வேகம் மின்னாக மாறுவதனால் ஏற்படும் கனம் அது. ஹைபிரிட் வண்டியின் பிறேக்கும் முதலில் இதனையே செய்கிறது. வண்டியை ஓட்டிய அதே மின் இயந்திரம் டைனமோவாக மாறி, வேகத்தை உறிஞ்சிப் பற்றரியிற் சேர்த்துவைக்கிறது. எஞ்சிய வேகத்தை அடக்குவதற்கே உராயும் பிறேக்கு வருகிறது. பழைய வண்டியிற் சூடாகிக் காற்றிற் கலந்து வீணாகிய சக்தியில் ஒரு பகுதி இங்கே மீண்டும் கைக்கு வருகிறது. பட்டணத்து நெரிசலில், நின்று நின்று போகும் பாதையில், இந்த வண்டி எரிபொருளை மிச்சப்படுத்துவதன் மருமம் இதுவே.

மலைநாட்டில் வைத்திருப்போர் இதிலே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கடுகண்ணாவையிலிருந்து மாவனெல்லைப் பக்கம் இறங்கும்போது, முற்காலச் சாரதி இரண்டாம் கியரிற் போட்டு இயந்திரத்தின் முனகலைக் கேட்டுக்கொண்டே இறங்குவார். புதிய வண்டியின் சாரதியோ பிறேக்கையே நம்பி இறங்குகிறார். வழியிற் பற்றரி நிரம்பிவிடும். நிரம்பிய பற்றரி மேலும் மின்னை ஏற்காது. அதன் பின்னர் முழுப்பாரமும் உராயும் பிறேக்கின் மீதே விழுகிறது. நீண்ட இறக்கத்தில் அது சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும். இதற்காகவே கியர்ப் பிடியில் ‘பி’ என்று ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். அதில் இட்டால் பெற்றோல் இயந்திரம் எரிபொருள் இன்றியே சுழன்று வண்டியை இழுத்துப் பிடிக்கும்; பழைய இரண்டாம் கியரின் வேலையைச் செய்யும். ‘பி’ என்றால் பற்றரியாக இருக்கலாம் என்று எண்ணி அதைத் தொடாமலே ஆண்டுக்கணக்காக வண்டி ஓட்டுவோர் உளர். ஜப்பானிய மொழியில் அச்சான கைநூல் வண்டிப் பெட்டகத்திற் பத்திரமாக இருக்கிறது. அதை வாசிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

எரிபொருட் சிக்கனத்தைப் பற்றிய பேச்சுக்கு 2022ஆம் ஆண்டு ஒரு பெரும் பரீட்சையாக அமைந்தது. அவ்வாண்டு யூலையில் கியூஆர் அட்டை முறை வந்தபோது, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்டார்கள். இம்முறை 2023 செப்டெம்பர் தொடக்கம் வரை நீடித்தது. அக்குவாவுக்கு ஜப்பானிய சோதனைச்சாலையில் அன்றைய முறைப்படி கணித்த அளவு லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர். நம் பாதைகளில் அந்த எண்ணை எவரும் கண்டதில்லை; இருபதுக்கு அண்மையில் நின்றாலே சொந்தக்காரர் முகமலர்ச்சி அடைவார். அப்படிப் பார்த்தாலும் 20 லீற்றர் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணம் வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். அதே 20 லீற்றரை ஒஸ்ரினுக்கு வார்த்திருந்தால், அனுராதபுரத்தை அண்மியதும் வேறு வழி தேடவேண்டியிருக்கும். வரிசையில் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களுக்கு இது வெறுங் கணக்கு அன்று. மகளின் பரீட்சைக்குப் போவதா, தாயைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதா என்ற கேள்விக்கு, இரண்டுக்கும் போகலாம் என்ற விடையாகும்.

ஆனால், 1990களில் வாத்தியார் மண்ணெண்ணெயில் ஓடினாரே. 2022இல் அவரால் அது முடிந்திருக்குமா? முடியாது. நுண்ணிய துளைகளின் வழியே எரிபொருளைத் தெளிக்கும் அமைப்பும், புகையை முகர்ந்து பார்த்துக் கணினிக்குச் செய்தி அனுப்பும் உணரிகளும் அந்த எண்ணெயைப் பொறுக்கமாட்டா. கஷ்ட காலத்திற் சொந்தக்காரனுடைய உபாயத்துக்கு வளைந்துகொடுத்தது பழைய வண்டி. புதியது வளையாது. அது குறைவாகக் கேட்கிறது; ஆனாற் கேட்டதையே கொடுக்கவேண்டும்.

அது கேட்பவற்றுள் முதலாவது இடையறாத ஓட்டம். ஹைபிரிட் வண்டியில் இரண்டு பற்றரிகள் உள்ளன என்பதைப் பலர், வண்டி நின்றுபோன பின்னரே அறிகிறார்கள். சில்லைச் சுழற்றும் பெரிய பற்றரி ஒன்று. கணினிகளையும் கதவுப் பூட்டையும் விளக்கையும் பார்த்துக்கொள்ளும் சிறிய 12 வோல்ற்றுப் பற்றரி மற்றொன்று. பெரியது நிறைகுடமாக இருந்தாலும், சிறியது ஒடுங்கிவிட்டால் வண்டி எழாது. யானையை எழுப்பப் பாகன் விழித்திருக்கவேண்டும் அல்லவா? 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்து வாரக்கணக்காக வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றபோது, இந்தச் சிறிய பற்றரிகள் வீடுதோறும் உயிர்விட்டன. பிரியஸ் வைத்திருந்தோரின் நிலை இன்னும் விநோதமானது. அந்த வண்டியிற் சிறிய பற்றரி இருப்பது பின்பெட்டகத்தினுள்ளே. பின்பெட்டகத்தின் பூட்டைத் திறப்பதோ அதே பற்றரியின் மின். இத்தகைய நிலைக்காக முன்புற மூடியின் கீழ், வேறொரு வண்டியிலிருந்து மின் கொடுப்பதற்கென ஒரு முனை வைத்திருக்கிறார்கள். வண்டித் திறப்பு என்று கையில் இருக்கும் கறுப்புக் கட்டிக்குள் சிறியதோர் உலோகத் திறப்பும் மறைந்திருக்கிறது. இவ்விரண்டையும் நல்ல பகல் வெளிச்சத்தில் ஒருமுறை தேடிக் கண்டு வைத்திருப்பது நன்று. மழையிரவில் தேடினால் அகப்படா. வண்டியை ஓட்டத் தேவையில்லாத காலத்தில், வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரமேனும் ‘ரெடி’ விளக்கு எரிய விட்டுவைத்தாற் சிறிய பற்றரி தானாகவே நிறைந்துகொள்ளும்.

இரண்டாவது தேவை காற்று. அக்குவாவின் பெரிய பற்றரி பின்னிருக்கையின் கீழ் இருக்கிறது. 7.2 வோல்ற்றுத் துண்டுகள் இருபது வரிசையாய் இணைந்து 144 வோல்ற்று ஆகின்றன. வேலை செய்யும்போது அது சூடாகும். சூட்டைத் தணிக்க ஒரு சிறிய விசிறி, வண்டியினுள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றை இருக்கையின் அடியிலுள்ள துவாரத்தின் வழியே இழுத்து அதன்மீது விடுகிறது. அத்துவாரத்தைப் பலர் வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி என்று நினைத்திருக்கிறார்கள். வன்னிப் பாதையின் செம்மண் தூசியும், இருக்கையுறையின் பஞ்சும், பிள்ளைகள் சிந்திய பிஸ்கற்றுத் துகளும் சேர்ந்து அதனை அடைத்துவிடுகின்றன.

வாத்தியாரின் வண்டியிலும் இதுவே நேர்ந்தது. ஒரு நாள் சிவப்பு முக்கோணம் ஒன்று முன்தட்டில் எரிந்தது. வண்டி தளர்ந்து தளர்ந்து சென்றது. அவர் தமக்குப் பழக்கமான முறையில் மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கையை வைத்துப் பார்த்தார். பிளாஸ்ரிக் மூடி ஒன்றின்மேற் கை பட்டது. தீப்பொறிக் குமிழை ஒரு காலத்திற் கண்ணை மூடிக்கொண்டு கழற்றியவருக்கு, அது இருக்கும் இடமே தெரியவில்லை. நகரத்தில் இளைஞர் ஒருவர் வைத்திருந்த பணிமனைக்குக் கொண்டுசென்றார். இளைஞர் ஓர் உளியையோ சுத்தியலையோ எடுக்கவில்லை. சாரதி இருக்கையின் முன்னே கீழ்ப்புறத்தில் ஒரு கம்பியைச் செருகி, கையிலிருந்த சிறு பெட்டியின் திரையைப் பார்த்தார்.

“மாஸ்ரர், இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. பற்றரிக்கு மூச்சு முட்டுகிறது. பின்னிருக்கைக்குக் கீழே என்ன வைத்திருக்கிறீர்கள்?”

“ஒன்றுமில்லைத் தம்பி. கோயிலுக்குப் போகும்போது விரிக்கிற பாய் ஒன்றுதான்.”

பாய் துவாரத்தை மூடிக்கிடந்தது. அதை எடுத்து, விசிறியைக் கழற்றித் துடைத்தபோது வெளிவந்த தூசி ஒரு சிரட்டை கொள்ளும். இம்முறை பற்றரி தப்பிவிட்டது. பலருக்குத் தப்புவதில்லை. துண்டுகள் தொடராக இணைந்திருப்பதனால், சூட்டினால் ஒன்று நலிந்தாலும் முழுவதும் நலிந்ததாகவே வண்டி காட்டும். முழுப் பற்றரியை மாற்றுவது நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும் செலவு. ஆகவே நலிந்த துண்டை மட்டும் கழற்றி, இன்னொரு பழைய பற்றரியிலிருந்து எடுத்த துண்டைப் பூட்டும் கைத்தொழில் இங்கே வளர்ந்துவிட்டது. பழைய ஒஸ்ரினுக்கு மொறிஸின் உறுப்பைச் செதுக்கிப் பொருத்திய அதே மரபின் தொடர்ச்சி இது. ஆனால் மாற்றிவைக்கும் துண்டு மற்றப் பத்தொன்பதோடு ஒத்த வலிமை உடையதா என்று அளந்து பாராமற் பூட்டினால், ஆறு மாதத்தில் வேறொரு துண்டு நலியும். வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்வி விலை மட்டுமன்று. எல்லாத் துண்டுகளையும் அளந்தீர்களா என்பதுமாகும்.

இதிலே வீட்டார் ஒருபோதும் கைவைக்கத்தகாத பகுதியும் உண்டு. பற்றரியிலிருந்து புறப்படும் தடித்த செம்மஞ்சள் நிறக் கம்பிகளே அவை. முன்னே செல்லும் மின் அங்கே 500 வோல்ற்றுக்கு மேல் உயர்த்தப்படுகிறது. ஒஸ்ரினின் பற்றரியைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்த தலைமுறையினருக்கு இதனைச் சற்று உரத்தே சொல்லவேண்டியிருக்கிறது.

மௌனம் ஒரு வசதி. ஆயின் ஒழுங்கையில் அது ஒரு தொல்லையுமாகும். இருபுறமும் வேலி உயர்ந்த ஒழுங்கைகளிற் சைக்கிளில் வருபவர் வளைவில் எதிரே வண்டி வருவதைக் காதினாலேயே அறிந்து பழகியவர். வேலியோரத்துக் கோழியும் அப்படியே. மின்னில் ஊர்ந்து வரும் வண்டி அவர்களை எச்சரிப்பதில்லை. பார்வையற்றோரின் சங்கங்கள் பல நாடுகளில் இதனை எடுத்துரைத்ததன் பயனாக, 2019 யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய வகை மின் வண்டிகளும் ஹைபிரிட் வண்டிகளும் குறைந்த வேகத்திற் செயற்கையாக ஓர் ஓசை எழுப்பவேண்டுமெனச் சட்டமாயிற்று. இங்கே ஓடும் முற்பட்ட வண்டிகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. வளைவுதோறும் ஹோர்ன் அடித்தால் அயலார் சினக்கிறார்கள். அடியாவிட்டாற் சைக்கிள்காரர் சினக்கிறார். ஓசையின்மையால் வேறொரு மறதியும் உண்டாகிறது. வண்டி நின்றுவிட்டது என்று எண்ணி ‘ரெடி’ விளக்கை அணையாமலே இறங்கிப் போய்விடுகிறார்கள். சற்று நேரத்திற் பற்றரி இறங்கியதும் பெற்றோல் இயந்திரம் தானாகவே ஓடத் தொடங்கும். திறந்த போர்ட்டிக்கோவில் இதனாற் பெருந்தீங்கு இல்லை. வீட்டோடு சேர்ந்த அடைத்த கொட்டகையாயின், அந்தப் புகை உறக்கத்திலே உயிரைக் குடிக்கும். அமெரிக்காவில் இவ்வாறு திறப்பின்றி இயங்கும் வண்டிகளால் இறந்தவர்கள் உளர்.

புதிய வண்டியின் நன்மைகளுள் தலையாயது உயிர்க்காப்பு என்பதில் ஐயமில்லை. ஒஸ்ரினில் இடுப்புவார் கிடையாது. மோதினால் மார்பை எதிர்கொள்வது இரும்புத் தண்டின் முனையிலிருந்த சுக்கான் சில்லு. இன்றைய வண்டியிற் காற்றுப்பை விரிந்து தாங்குகிறது. ஆனால் இதிலேயே சொந்தக்காரர் பலர் அறியாத ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஜப்பானியத் தக்காட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகள் பலவற்றில், பையை விரிக்கும் இரசாயனம் வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடுகளில் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டு, மோதலின்போது அளவுகடந்து வெடித்து, உலோகத் துண்டுகளை அமர்ந்திருப்பவர் மீதே வீசியது. உலகின் பல நாடுகளில் மரணங்கள் நிகழ்ந்தன. பல நிறுவனங்களின் வண்டிகள் கோடிக்கணக்கிற் திருப்பி அழைக்கப்பட்டன. தக்காட்டா 2017 யூனில் வங்குரோத்து நிலையை அறிவித்தது. ஜப்பானில் ஒருவர் வாங்கிய வண்டிக்கு அவருடைய முகவரிக்கே அறிவித்தற் கடிதம் செல்லும். அவ்வண்டி கப்பலேறி இங்கே வந்தபின், கடிதம் அதனைத் தொடர்ந்து வருவதில்லை. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இந்நாட்டிற் குறைவில்லை.

செய்யவேண்டியது சிறியதே. பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தை வண்டி செய்த நிறுவனத்தின் இணையத்தளத்திலோ, இங்குள்ள முகவரிடமோ கொடுத்துக் கேட்டால், அந்த வண்டி அழைக்கப்பட்டவற்றுள் அடங்குமா என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு ரயர் வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் நம்மவர், இந்த ஒரு கேள்வியைக் கேளாமலே பிள்ளைகளை முன்னிருக்கையில் ஏற்றிச் செல்கிறார்கள்.

முற்றிலும் மின்னினால் ஓடும் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2010 டிசெம்பரில் வெளிவந்த நிசான் லீஃப் வண்டிகள் சில ஆண்டுகளில் இங்கும் வந்தன. அவற்றின் முற்பட்ட வகைகளிற் பற்றரியைக் குளிர்விக்க விசிறியும் இல்லை, நீரும் இல்லை; வெப்பத்தில் அதன் கொள்ளளவு விரைவிற் குன்றியது. முன்தட்டிற் பன்னிரண்டு கோடுகளாகக் காட்டப்பட்ட ஆயுள், ஒன்று ஒன்றாய்க் குறைவதைச் சொந்தக்காரர்கள் தலைமயிர் நரைப்பதைப் பார்ப்பது போலப் பார்த்திருந்தார்கள். இறக்குமதி மீண்டும் திறந்தபின் வந்த சீனத்து வண்டிகள் பலவற்றில், வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் வேறுவகைப் பற்றரி உள்ளது. அவற்றின் உண்மையான குணத்தை இந்நாட்டு வெயிலில் ஒரு பத்தாண்டு கழிந்தே நிறுத்துப் பார்க்கலாம். 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததை மறவாதவர்கள், கூரையிற் சூரியத் தகட்டைப் பொருத்திக்கொண்ட பின்னரே இவ்வண்டியை நினைக்கிறார்கள்.

வாத்தியாரின் அக்குவாவுக்கு ஒரு குறை நெடுநாள் இருந்தது. அதன் வானொலிப் பெட்டியில் தமிழ் கேட்க முடியவில்லை. ஜப்பானிற் பண்பலை ஒலிபரப்பு 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையிலேயே நெடுங்காலம் நடைபெற்றது. பெட்டியும் அவ்வளவோடு நின்றுவிடும். நமது நிலையங்களிற் பெரும்பாலானவை அதற்கு மேலே 108 வரை பரந்துள்ளன. செய்தி கேட்காமல் காலையில் வண்டி ஓட்டுவது அவருக்கு உப்பில்லாத கஞ்சி குடிப்பது போல இருந்தது. பணிமனை இளைஞர்தான் இதற்கும் வழி சொன்னார். தீப்பெட்டி அளவான ஒரு கருவியை வானொலிக் கம்பியின் இடையே பொருத்தினால், அது மேலுள்ள அலைகளை இருபது மெகாஹேர்ட்ஸ் கீழே இறக்கிக் கொடுக்கும். அதன்பின் 102இல் உள்ள நிலையம் பெட்டியில் 82 என்ற எண்ணில் வந்து பேசும். இப்போது வாத்தியார் பித்தானை அழுத்துகிறார். பச்சை விளக்கு எரிகிறது. ஜப்பானிய அம்மையார் அட்டையைப் பற்றி வழக்கம்போல நினைவூட்டுகிறார். அவர் சொல்லி முடித்த மறுகணமே தமிழ்ச் செய்தி தொடங்குகிறது. வளவைவிட்டு வண்டி வெளியேறுவதை அடுத்த வீட்டார் அறிவது இந்தச் செய்தியின் ஓசையினாலேதான்.